ஆக்கமும் காரணமும்: கோலார் தங்கவயலை முன்வைத்து இக்கால இயற்கைக் கவிதையின் மொழி

இக்காலத்தில் இயற்கையைப் பாட முனையும் கவிஞர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு பெரும்பாலும் பாடுபொருள் பற்றியதாகவே பேசப்பட்டு வருகிறது. காடு சுருங்கிவிட்டது, ஆறு வறண்டுவிட்டது, ஆகவே பாடுதற்குரிய பொருளும் குறைந்துவிட்டது என்பர். இக்கூற்றை ஓரளவே ஏற்கலாம். ஒரு பொருள் மறைந்த இடத்தில் வேறொரு பொருள் வந்து நிற்கிறது. அதனை எவ்வகை வாக்கியத்தில் சொல்வது, எந்த வினையைக் கொண்டு முடிப்பது என்பதே கடினமான வினா. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் விதியொன்றைத் துணைக்கொண்டு அவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆய்வுக்களமாகக் கருநாடக மாநிலத்துக் கோலார் தங்கவயல் கொள்ளப்படுகிறது.

தங்கவயலைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் எல்லைப் பகுதியில் இவ்வூர் அமைந்துள்ளது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குச் சுரங்கத் தொழிலை மேற்கொண்டது முதல் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டது வரை, 120 ஆண்டுக் காலத்தில் 800 டன்னுக்கு மேற்பட்ட பொன் எடுக்கப்பட்டது. சுரங்கத்தில் இறங்கி உழைத்தவருள் பெரும்பான்மையோர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர். அவருள்ளும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவரே மிகுதி. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ் 1920களின் பிற்பகுதியில் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது என்பதனை நினைத்தால், இவ்வூரின் எழுத்து மரபு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று என்பது புலனாகும்.

இவ்வூரின் நிலக்காட்சியை முதன்முறை காண்போர் கண்ணில் படுவன வெளிறிய நிறமுடைய மணற்குன்றுகள். பொன்தாதுப் பாறையைப் பொடியாக்கி, சயனைடுக் கரைசலில் இட்டுப் பொன்னைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய நுண்மணல் ஆண்டுக்கணக்கில் கொட்டப்பட்டு இவ்வாறு உயர்ந்தது. 13 குவியல்கள், சுமார் 3.3 கோடி டன் மணல். ஊர்ப்பேச்சில் இவை 'சயனைடு மலை' எனப்படும். மழைநீர் இவற்றின் சரிவுகளை ஆழமாக அரித்து ஓடைகளை உண்டாக்கியுள்ளது. கோடையில் காற்று இம்மணலை எழுப்பி வீடுகளின்மேல் படியச் செய்கிறது. புல்லும் அரிதாகவே முளைக்கும். திரைப்படத்தார் பாடற்காட்சிகளுக்கு இங்கு வருவதுண்டு. ஆகவே அழகு என ஒன்று அங்கு இல்லாமற் போகவில்லை. இம்மலைகள் இயற்கைக் கவிதையின் பொருளாகுமா? ஆகுமெனில், அவற்றைப் பாடும் தமிழ் வாக்கியம் எத்தகையது?

இயற்கை என்னும் சொல்

'இயற்கை' என்பது இன்று மலை, கடல், காடு, விலங்கு ஆகியவற்றைத் தொகுத்துச் சுட்டும் பெயர். இப்பொருள் நமக்கு மிகவும் பழகிவிட்டது. மு. வரதராசனாரின் சங்க இலக்கிய ஆய்வும் தனிநாயக அடிகளாரின் ஆய்வும் இப்பொருளிலேயே இயற்கையை எடுத்துக்கொண்டன. அடிகளார் 1953இல் 'பழந்தமிழ்க் கவிதையில் இயற்கை' என்னும் பொருள்படும் தலைப்பில் வெளியிட்ட ஆங்கில நூல், 1966இல் மறுபதிப்பாக வந்தபோது 'நிலத்தோற்றமும் கவிதையும்' என்னும் பொருள்படத் தலைப்பு மாறியது. இயற்கை என்பதினும் நிலம் என்பது திணைக் கோட்பாட்டுக்கு அணுக்கமானது என்பதில் ஐயமில்லை. பாரதிதாசனின் 'அழகின் சிரிப்பு' 1944இல் வெளிவந்தது. அந்நூலில் கடல், காடு, குன்றம், ஆறு ஆகியவற்றோடு சிற்றூரும் பட்டணமும் தமிழும் தலைப்புகளாக இடம்பெறுவது, இயற்கை என்னும் தொகுப்பின் எல்லை நாம் எண்ணுமளவுக்கு இறுகியதன்று என்பதைக் காட்டும்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் 'இயற்கை' என்பது பொருளின் வகையைச் சுட்டாமல் பொருளின் நிலையைச் சுட்டுகிறது. கிளவியாக்கத்தில் இயற்கைப் பொருள், செயற்கைப் பொருள் எனும் பாகுபாடு வருகிறது. இயற்கைப் பொருளை 'இத்தன்மைத்து' என நேரே கூற வேண்டும். செயற்கைப் பொருளை ஆக்கச்சொல் கொடுத்துக் கூற வேண்டும். அவ்வாக்கம் காரணத்தை முன்னிட்டு வரும். உலக வழக்கில் காரணம் கூறாமலும் ஆக்கச்சொல் வரலாம் என்பது அடுத்து வரும் புறனடை. இங்குச் செயற்கைப் பொருள் என்பது கையால் செய்த பொருள் மட்டுமன்று. காரணத்தால் தன்மை திரிந்த எப்பொருளும் செயற்கைப் பொருளே என்பது உரையாசிரியர் கொள்ளும் விளக்கம். இவ்விதியின்படி பின்வரும் வாக்கியங்களை ஒப்பிடலாம்:

(1) மலை வெளிது.
(2) மலை வெளிதாயிற்று.
(3) மணலைக் கொட்டியமையால் மேடு மலையாயிற்று.

(1) இயற்கைக் கூற்று. (2) ஆக்கம் பெற்றது, காரணம் தொக்கது. (3) காரணமும் ஆக்கமும் ஒருங்கே பெற்றது. நாம் பள்ளியில் கற்ற இயற்கைப் பாடல்களின் வாக்கியம் பெரும்பாலும் (1)ஐ ஒத்தது. கடல் பரந்தது, குன்றம் உயர்ந்தது, மலர் சிவந்தது என்னும் கூற்றுகளில் வினை வடிவம் இருப்பினும் அது பண்பையே உணர்த்தும். தங்கவயல் மலையை இவ்வாறு கூறினால் வாக்கியம் பிழையாகாது. ஆனால் அது சொல்லும் செய்தி பிழையாகும்.

ஆக்கம் பெறும் நிலம்

இங்குப் பாலைத் திணையின் தனித்தன்மை நோக்கத்தக்கது. தொல்காப்பியர் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் ஆகிய நான்கிற்கும் நிலமும் தெய்வமும் கூறுகிறார். நடுவுநிலைத் திணையாகிய பாலைக்கு நிலம் கூறவில்லை. நண்பகலும் வேனிலும் பின்பனியும் ஆகிய பொழுதுகளை மட்டுமே கூறுகிறார். சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் மதுரைக்குச் செல்லும் வழியைக் கோவலனுக்குக் கூறுமிடத்தில் பாலையின் தோற்றம் விளக்கப்படுகிறது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் முறைமை திரிந்து, நல்லியல்பை இழந்து, பாலை என ஒரு வடிவம் கொள்கின்றன என்பது அதன் கருத்து. சொல்லதிகார உரை செயற்கைப் பொருளை விளக்கும்போதும் காப்பியம் பாலையை விளக்கும்போதும் 'திரிதல்' என்னும் ஒரே வினை வருவது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் இலக்கண அடிப்படையில் இரண்டும் ஒன்றே. ஐந்திணையுள் ஆக்கமும் காரணமும் பெற்று வரும் நிலம் பாலை ஒன்றே எனலாம்.

சிலம்பு இத்திரிபுக்குக் காரணம் கூறும்போது ஞாயிற்றை வேந்தனாக உருவகிக்கிறது என்பதும் கருதற்குரியது. நிலம் கெடுதற்கும் ஆள்வோர்க்கும் உள்ள தொடர்பு உருவக அளவிலேனும் அங்கு உணர்த்தப்படுகிறது. தங்கவயலில் காரணத்தை உருவகத்தால் கூற வேண்டிய தேவை இல்லை. 1956 வரை ஆங்கிலேய நிறுவனங்கள், பின்னர் மைசூர் அரசு, 1962 முதல் நடுவண் அரசு, 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் எனக் காரணத்தின் பெயர்களை ஆண்டோடு கூறலாம்.

ஆகவே, இக்கால இயற்கைக் கவிதை செயற்கைப் பொருளின் இலக்கணத்தில் எழுதப்பட வேண்டியது என்பதே நாம் வந்தடையும் முடிபு. இது மரபுக்கு மாறானதன்று. பாலை பாடிய புலவர் இதனைச் செய்தே வந்துள்ளனர்.

குவிந்த மலை, குவித்த மலை

மேற்கூறிய புறனடை, அதாவது காரணம் கூறாமலும் ஆக்கம் வரலாம் என்பது, கவிதைக்கு வசதியானது. அதேபோது இடர் தருவது. இதனை இக்காலத் தமிழின் வினையமைப்பில் தெளிவாகக் காணலாம்.

தமிழில் ஒரே வேர் தன்வினையாகவும் பிறவினையாகவும் வரும்போது வேறுபாடு பெரும்பாலும் விகுதிக்கு முந்தைய மெய்யில் அமைகிறது: குவிந்தது, குவித்தது; சரிந்தது, சரித்தது; உடைந்தது, உடைத்தது. இவ்விணைகளைப் பற்றிக் கு. பரமசிவம் 1979இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் இத்துறையின் அடிப்படை நூல். பெயரெச்சத்தில் இவ்வேறுபாடு மேலும் கூர்மை பெறுகிறது.

(4) குவிந்த மலை
(5) குவித்த மலை

(4)இல் எழுவாய் மலையே. வேறு யாரையும் தேட வேண்டுவதில்லை. (5)இல் மலை செயப்படுபொருள். குவித்தவர் யார் என்னும் இடம் வாக்கியத்தில் வெற்றிடமாக நிற்கிறது. தொடர் செய்பவரைக் கூறவில்லை. ஆயினும் செய்பவர் உண்டு என்பதை மறைக்கவும் இல்லை. ந்த், த்த் என்னும் ஒரு மெய்யின் வேறுபாட்டில், ஒரு நகரத்தின் 120 ஆண்டு உழைப்பு அடங்கியிருக்கிறது. தங்கவயலைப் பாடும் கவிஞருக்கு (5) கிடைத்திருப்பது தமிழின் கொடை என்றே கூறலாம். அடைமொழிகளை அடுக்குவதைவிட இது சிக்கனமானது.

எல்லா வினைகளும் இவ்வாறு உதவுவதில்லை. 'வெடி' என்னும் வினையைக் கருதுக. சுரங்கத்தில் இருவகை வெடிப்புகள் நிகழ்ந்தன. ஒன்று தொழிலாளர் மருந்து வைத்துப் பாறையைத் தகர்ப்பது. மற்றொன்று, அகழ்ந்த வெற்றிடத்தைச் சுற்றிய பாறை அழுத்தம் தாங்காமல் திடீரெனச் சிதறுவது. பின்னதைத் தங்கவயலில் 'ஏர் பிளாஸ்ட்' என்றனர். உயிர்கள் பல அதனால் மாய்ந்தன. 'வெடித்தது' என்னும் வடிவம் இரண்டுக்கும் பொது. இங்கு மெய்வேறுபாடு இல்லை. 'பாறை வெடித்தது' என்னும் வாக்கியம் இயற்கை நிகழ்ச்சியைக் கூறுவதுபோல் தோன்றும். பாறை தானே வெடித்தது என்பதும் உண்மை. அதனை அந்நிலைக்குக் கொணர்ந்தது அகழ்வு என்பதும் உண்மை. கவிஞர் இங்குக் காரணத்தைத் தனிச்சொல்லால் தந்தாக வேண்டும். இலக்கணம் அவருக்காக அதனைச் செய்யாது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது 'போ' என்னும் துணைவினை. பாலாறு நந்திமலைப் பகுதியில் தோன்றிக் கோலார் மாவட்டம் வழியே வடதமிழகம் நோக்கிச் செல்வது. அதன்கண் உள்ள பேத்தமங்கலம் ஏரியிலிருந்துதான் தங்கவயலுக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டது. இன்று இந்த ஆற்றைப் பற்றி எழுதுவோர் எவரும் கூறுவது 'பாலாறு வறண்டுபோயிற்று' என்பதே. இங்குப் 'போ' விரும்பத்தகாத நிலைமாற்றத்தை உணர்த்துகிறது. பேசுவோரின் வருத்தம் அதில் உண்டு. ஆனால் செய்பவருக்குரிய வெற்றிடம் கூட அதில் இல்லை. புறனடை தந்த உரிமையை இத்துணைவினை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்கிறது. சூழல் பற்றிய இன்றைய கவிதைகளில் 'போயிற்று', 'போய்விட்டது' என்னும் முடிபுகள் மிகுந்து வருவதை வாசகர் அறிவர். இரங்கல் மிகுந்து காரணம் குறையும் இந்நடை, என் கருத்தில், இக்கால இயற்கைக் கவிதையின் முதன்மையான நலிவு.

கருப்பொருளின் பெயர்கள்

தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எனத் தொல்காப்பியம் கூறும் கருப்பொருள் பட்டியல், இவைபோன்ற பிறவும் அடங்கும் என இடம்விட்டே முடிகிறது. ஆகவே புதிய பொருள்களைச் சேர்ப்பதற்குத் தடை இல்லை. பறையின் இடத்தில் முறைநேரத்தை அறிவிக்கும் சங்கு ஒலித்தது. ஆலையின் ஊதொலியைத் தமிழர் சங்கு என்றே வழங்குவர். புதிய பொருளுக்குப் பழைய பெயர். இதற்கு எதிரான நிலையும் உண்டு. இரலை என்பது முல்லைப் பாடல்களில் கார்காலத்தில் துணையோடு திரிவது. தலைவன் திரும்பும் பொழுதை உணர்த்துவது. இரலை, கலை என்னும் பெயர்கள் புல்வாய்க்கு உரியன என்று மரபியல் கூறும். இன்று வெளிமான் எனப்படும் இவ்விலங்கு தங்கவயலைச் சூழ்ந்த புல்வெளியில் இன்னும் மேய்கிறது. பொருள் இருக்கிறது, பெயர்தான் வழக்கொழிந்தது. சயனைடு மலைக்குப் பின்னணியில் நிற்கும் மானைக் கவிஞர் 'இரலை' என்பாரா, 'வெளிமான்' என்பாரா? முன்னது முல்லை முழுவதையும் உடன் கொண்டுவரும். அவ்வளவு சுமையை அவ்விடம் தாங்குமா என்பதைக் கவிதைதான் தீர்மானிக்க வேண்டும்.

மரப்பெயர்களில் 'சீமை' என்னும் அடை குறிப்பிடத்தக்கது. சீமைக் கருவேலம் எங்கும் பரவியுள்ளது. இச்சொல் வடமொழியில் எல்லையைக் குறித்தது. பின்னர் நிலப்பகுதியையும் நாட்டையும் குறித்து, இறுதியில் இங்கிலாந்தையும் அயல்நாட்டையும் குறித்தது. கன்னடத்திலும் இதே வளர்ச்சி உண்டு. மண்ணெண்ணெய் இருமொழியிலும் சீமை எண்ணெயே. 'குட்டி இங்கிலாந்து' எனப் பெயர்பெற்ற எல்லைப்புற ஊரில், எல்லை, நாடு, இங்கிலாந்து என்னும் மூன்று பொருளும் இவ்வொரு சொல்லில் கூடுகின்றன.

உள்ளுறை பற்றி ஒன்று கூற வேண்டும். தெய்வம் நீங்கிய கருப்பொருளை நிலைக்களமாகக் கொண்டு உள்ளுறை பிறக்கும் என்பது விதி. அப்பொருளின் இயல்பைக் கேட்போரும் அறிந்திருந்தாலன்றி அது விளங்காது. சுரங்கத்தின் கருப்பொருள்கள் வெளியூர் வாசகர்க்கு அறிமுகமாகாதவை. அடிக்குறிப்பால் இக்குறை நீங்காது. ஒரு கவிதைத் தொகுதிக்குள் அப்பொருள் பலமுறை, பலவகைச் சூழலில் வந்து பழகியபின்னரே அது உள்ளுறைக்குத் தகுதி பெறும்.

செங்குத்தான பிரிவு

பாலைக்குரிய உரிப்பொருள் பிரிவு. பொருள் தேடிச் செல்லும் தலைவன் சுரம் கடப்பான். ஆர்க்காட்டு மாவட்டங்களிலிருந்து தங்கவயலுக்குச் சென்றோரின் பிரிவு பொருள்வயிற் பிரிவே. ஆயினும் குடும்பத்தோடு லைன் வீடுகளில் குடியேறிய பின்னரும் பிரிவு நின்றபாடில்லை; திசை மாறியது. ஒவ்வொரு நாளும் தலைவன் நிலத்தின்கீழ் இறங்கினான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் மேற்பட்ட ஆழம் உடையது. அதன் அடித்தளத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைக் கடந்தது. சங்கப் பாலையில் வெம்மை மேலிருந்து வரும். நண்பகல் அதற்குரிய பொழுது. இங்கு வெம்மை கீழிருந்து வந்தது. நள்ளிரவு முறையில் இறங்கியவனுக்கும் அது நண்பகலே. சிறுபொழுது, பெரும்பொழுது என்னும் முதற்பொருளின் பாகுபாடே இங்குத் தலைகீழாகிறது. 1902இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்னாற்றல் வந்தது முதல், மருதத்தின் ஆறாகிய காவிரி இந்தப் பாலைக்குள் கம்பி வழியே பாய்ந்தது என்பதனையும் இங்குச் சேர்த்து எண்ணலாம்.

சுரங்கம் மூடிய பின்னர்ப் பிரிவு மீண்டும் கிடைநிலைக்கு வந்துவிட்டது. மாரிக்குப்பத்தில் புறப்படும் தொடர்வண்டியில் விடியுமுன் ஏறி, பெங்களூரில் வேலை முடித்து, இருட்டிய பின் திரும்புவோர் பல்லாயிரவர். மாலைப் பொழுதும் காத்திருத்தலும் முல்லைக்கு உரியவை. நாள்தோறும் பிரிதல் பாலைக்கு உரியது. திணைமயக்கம் என இலக்கணிகள் கூறுவதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டைத் தேடுவது அரிது.

மொழிபெயர்ப்பாளர் நோக்கில்

பாலையை ஆங்கிலத்தில் பாலைவனம், தரிசு நிலம் என்னும் பொருள்தரும் சொற்களால் பெயர்ப்பது வழக்கம். இவை நிலத்தின் வகையைக் கூறுவன. திரிந்தமையை, அதாவது முன்பு வேறாக இருந்தமையை, அவை கூறா. ஏ.கே. இராமானுசன் 1967இல் வெளியிட்ட குறுந்தொகை மொழிபெயர்ப்பு திணையை அகத்தின் நிலத்தோற்றமாக உலக வாசகர்க்கு அறிமுகப்படுத்தியது. அதன் பயன் பெரிது. அகத்தோடு புறநிலத்தின் வரலாறும் சேர வேண்டிய இன்றைய கவிதைக்கு அவ்வழி மட்டும் போதாது.

ஆக்கச்சொல்லைப் பெயர்ப்பதில் கன்னடமும் தெலுங்கும் தமிழோடு இசைந்து வருகின்றன. தமிழ் 'ஆகு', கன்னட 'ஆகு', தெலுங்கு 'அவு' ஆகிய மூன்றும் ஒரே வேரின் வடிவங்கள். 'வெளிதாயிற்று' என்பதன் அமைப்பை இவ்விரு மொழிகளிலும் குலையாமல் காக்கலாம். ஆங்கிலத்தில் ஆதல், வளர்தல், திரும்புதல், போதல் எனப் பொருள்படும் வெவ்வேறு வினைகளுள் ஒன்றைத் தேர வேண்டும். அவற்றுள் 'வளர்தல்' என்பது புல் முளைக்காத மலைக்குப் பொருந்துவதன்று. பெயரெச்சத்தில் இடர் மேலும் மிகும். குவிந்த, குவித்த என்னும் இரண்டையும் ஆங்கிலம் ஒரே எச்ச வடிவத்தால் கூறுகிறது. ஆகவே (5)ஐ ஆங்கிலப்படுத்துவோர் அவ்வெற்றிடத்தை ஓர் எழுவாயால் நிரப்ப நேரிடும். நிரப்புவதா, விடுவதா என்பது மொழிபெயர்ப்பாளரின் அறநிலைப்பாடும் ஆகும்.

கன்னடத்திலிருந்து தமிழுக்கு வருவோர் வேறொரு கண்ணியில் சிக்கக்கூடும். கோலார் மாவட்டத்தில் மிகுதியாக நடப்பட்டு, நிலத்தடி நீரைக் குறைப்பதாகக் கூறி 2017இல் கருநாடக அரசு புதிதாக நடத் தடைவிதித்த தைல மரத்துக்குக் கன்னடத்தில் 'நீலகிரி' என்று பெயர். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் ஒரு மலையின் பெயரைப் பெற்றது. கன்னடக் கவிதையில் வரும் நீலகிரியைத் தமிழில் அப்படியே எழுதினால் வாசகர் குறிஞ்சி மலரும் மலையைக் காண்பர். கவிதையோ வறண்ட கிணற்றைப் பற்றியதாக இருக்கும்.

2024இல் கருநாடக அமைச்சரவை, சுமார் 1,000 ஏக்கரில் பரந்துள்ள 13 குவியல்களையும் மீண்டும் அகழ்ந்து எஞ்சிய பொன்னை எடுக்கும் நடுவண் அரசின் திட்டத்துக்கு இசைவளித்தது. குவித்த மலை இனி அகழ்ந்த மலையும் ஆகலாம். 'அகழ்ந்த' என்பதில் ந்த் இருப்பினும் அது செயப்படுபொருள் குன்றா வினை. அங்கும் செய்பவரின் இடம் வெற்றிடமே. கன்னடம் இங்கு வேறொரு வழியைத் தருகிறது. அம்மொழியில் குன்றைக் குறிக்கும் 'குட்ட' என்பதும் குவியலைக் குறிக்கும் 'குட்டெ' என்பதும் ஈற்று உயிரில் மட்டுமே வேறுபடுவன. குவித்தலைக் 'குட்டெ ஹாகு' என்பர். தமிழ் வினையில் காட்டும் வேறுபாட்டைக் கன்னடம் பெயரிலேயே காட்டிவிடுகிறது. தங்கவயலைப் பற்றிய தமிழ்க் கவிதையைக் கன்னடத்தில் பெயர்ப்போர், 'குவித்த மலை' என்பதற்கு இவ்விரு பெயர்களுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.